டிஸ்க்கில் வைத்த குங்குமம்

1

இன்று ஆயுத பூசை. ஊரில் உங்களுக்கெல்லாம் விடுமுறை. பேருந்துக்கு வாழைக்கன்று கட்டியிருப்பார்கள், பொரியும் கடலையும் பொட்டலம் பொட்டலமாக வீட்டுக்கு வந்திருக்கும். இங்கே கோலாலம்பூரில் இது மற்ற நாளைப் போல ஒரு வேலை நாள்தான். ஆனால் எங்கள் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே முதல் மாடியில் இருப்பதால், காலை எட்டு மணிக்கே மாலை கட்டுகிற வாசனை படியேறி வந்துவிட்டது.

புதிதாகச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர் சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார்கள். 'ஆன்டி, நீங்க இந்தியாவுல இருந்து வந்தவங்க லா. உங்களுக்குத்தான் முறை தெரியும். நீங்களே கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சுக் கொடுங்க.' முப்பத்தாறு வயதில் ஆன்டி ஆனதை நான் எப்போதோ பொறுத்துக்கொண்டுவிட்டேன். அந்தச் சந்தனக் கிண்ணத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் ஒரு தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் இதே நாளில் இதே அலுவலகத்தில் நான் ஒரு பொட்டு வைத்தேன். என் மகள் இங்கே வருவதும் வராமல் போவதும் அந்தப் பொட்டில் வந்து நின்றது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் கட்டடத்தின் உயரத்தையும் சாலையின் அகலத்தையும் எழுதுவார்கள். அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் செய்த ஒரு மடத்தனத்தையும், அதைவிடப் பெரிய ஒரு கோழைத்தனத்தையும் எழுதப்போகிறேன்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று திருச்சியில் யாராவது கேட்டால், என் கணவர் 'கம்ப்யூட்டர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். கேட்டவரும் அதற்கு மேல் கேட்க மாட்டார். உங்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

புரோகிராம் எழுதுகிறவர்கள் அதை எழுதுவதற்கென்றே கணினியில் எடிட்டர் என்று ஒன்றை வைத்திருப்பார்கள். அது எழுத உதவும், அவ்வளவுதான். பிழைகளைப் பட்டியல் போட்டுக் காட்டுவது, கோப்புகளை அடுக்கிக் காட்டுவது என்று தனக்கு வேண்டிய கூடுதல் கருவிகளை அவரவர் செய்து அந்த எடிட்டரின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அப்படிக் கருவி செய்கிற ஒவ்வொருவரும் ஒரு பட்டனைக்கூட ஆரம்பத்தில் இருந்து செய்துகொண்டிருந்தால் வேலை நடக்காது. அதனால் பட்டன், பட்டியல், கிளை பிரிந்து விரிகிற பட்டியல், ஒன்றை ஒன்று மறைத்துத் திறக்கிற தாள்கள் என்று எல்லாவற்றையும் தயாராகச் செய்து டிஸ்க்கில் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். வீடு கட்டுகிறவருக்கு ஜன்னலும் நிலைக்கதவும் செய்து விற்கிற மரக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. எங்கள் பட்டன் யாருடைய எடிட்டருக்குள் போனாலும், அங்கே என்ன நிறம், என்ன எழுத்து என்று கேட்டு அதையே போட்டுக்கொள்ள வேண்டும். சொந்த நிறம் கூடாது. வெளியில் இருந்து வந்த சாமான் என்று பார்க்கிறவருக்குத் தெரியவே கூடாது. முதல் வருடம் எனக்கு இது தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறத்தை நானே அடித்து அனுப்பினேன். கருநீலத்தில் எடிட்டரை வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் திரையில் அது தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. 'நல்ல சிலுவார்ல ஒட்டுப் போட்ட மாதிரி இருக்குக்கா' என்று சிரித்தாள் லெட்சுமி. சிலுவார் என்றால் இங்கே கால்சட்டை.

லெட்சுமியைச் சொல்ல வேண்டும். கிள்ளான்காரி. தாய் தகப்பன் இரண்டு பேரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், தோட்டத்தை விற்ற பிறகு டவுனுக்கு வந்தவர்கள். தினமும் கொமுட்டர் ரயிலில் வந்து போவாள். நான் எழுதியதை எல்லாம் தட்டிப் பார்த்துப் பிழை சொல்வது அவள் வேலை. அதோடு பட்டன்மேல் வருகிற சின்னச் சின்னப் படங்களையும் அவள்தான் வரைவாள். பதினாறுக்குப் பதினாறு கட்டம். அதற்குள் கத்தரிக்கோலைக் கத்தரிக்கோல் என்று தெரியும்படி வரைய வேண்டும். கட்டம் போட்ட தாளில் கலர் பென்சிலால் வரைந்து, சுவரில் ஒட்டி, நடையின் கோடிக்குப் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். 'அங்க இருந்து தெரிஞ்சா எங்க இருந்தும் தெரியும்' என்பாள். ஒரு நாள் ஒரே ஒரு கட்டத்தைக் கறுப்பில் இருந்து சாம்பலாக மாற்றினாள், அதுவரை நண்டு போல இருந்தது கத்தரிக்கோல் ஆகிவிட்டது. யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அவள் வீட்டில் கணினி தொட்ட முதல் ஆள் அவள்.

முதலாளி மிஸ்டர் ராஜரத்தினம். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்த குடும்பம். அரசாங்க வேலையை விட்டுவிட்டு இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர். ஆள் நேர்மை. பேச்செல்லாம் ஆங்கிலம். கோயிலிலும் கோபத்திலும் மட்டும் தமிழ் வரும்.

அலுவலகத்தில் நாங்கள் இத்தனை பேர்தான். காலையில் லெட்சுமி 'பசியாறிட்டீங்களாக்கா?' என்று கேட்டுக்கொண்டே வருவாள். முதல் மாதம் அதைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது, பட்டினி கிடக்கிறேன் என்று நினைக்கிறாளோ என்று. காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் பெயர் என்று பிறகு தெரிந்தது. நான் சாப்பிட்டிருந்தாலும் தன் நாசிலெமாக்கில், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றில், பாதியைப் பிரித்து என் பக்கம் தள்ளுவாள்.

3

தர்சினிக்கு மூன்று வயது இருக்கும்போது அவளை என் நாத்தனார் வசந்தாவிடம் விட்டுவிட்டு வந்தேன். கணவருக்கு மின்வாரியத்தில் வேலை, அதை விட முடியாது. 'ரெண்டு வருஷம்தானே, போய்ட்டு வா' என்றார். குடும்பத்துக்காக வந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், பாராட்டவும் செய்வீர்கள். உண்மை அதுவல்ல. திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் மூளை வேண்டும் என்று முதன்முதலாக ஒருவர் கேட்டார், வந்துவிட்டேன். போகப் போக வேலையும் பிடித்துவிட்டது. பிள்ளையை விட்டு வந்த பாவத்தில் இதுவும் சேர்த்தி.

அவளை அழைத்துக்கொள்வது என்று மூன்றாவது வருடத்தில் முடிவு செய்தேன். இங்கே பள்ளிக்கூடம் ஜனவரியில் திறக்கும், ஏழு வயதில் முதலாம் ஆண்டு. பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை நல்ல மனுஷி. திறப்பதற்கு முன் பிள்ளைக்குப் பாஸ் வாங்கிக் காட்டிவிட்டால் இடம் தருவதாகச் சொன்னார். பாஸ் என்றால் இங்கே தங்குவதற்கு அரசாங்கம் தரும் அனுமதி. எனக்கு என் வேலையால் பாஸ். என்னால் அவளுக்குப் பாஸ்.

அந்தப் பாஸ் தரும் குடிநுழைவு அலுவலகத்தில் என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, கணவர் எங்கே என்பது. தகப்பன் முதலில் வருவான், பிறகு பெண்டாட்டி பிள்ளைகளை அழைப்பான், அதற்குப் படிவம் இருந்தது. தாய் முதலில் வந்து பிள்ளையை அழைப்பது அவர்களுக்குப் புதிது. கணவரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். அவரும் முத்திரைத்தாளில் அழகாகத் தமிழில் எழுதி, பிள்ளையை மனைவியின் பொறுப்பில் ஒப்படைப்பதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதை மலாயில் மொழிபெயர்த்தவர் என்ன எழுதினாரோ, கவுண்டரில் இருந்த அம்மா கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தத்து எடுக்கிறீர்களா என்று கேட்டார். பெற்ற பிள்ளையைத் தத்து எடுக்க வந்தவள் இல்லை நான் என்று நிரூபிக்க மூன்று வாரம் ஆயிற்று.

ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே பதில்தான் கிடைக்கும்: 'பெலும்.' இன்னும் இல்லை என்று அர்த்தம். இல்லை என்று சொன்னால் அழுதுவிட்டு வந்துவிடலாம். பெலும் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாங்கள் செய்கிற பட்டன்களில் மங்கிய பட்டன் என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும், அழுத்தினால் அழுந்தாது. அதை ஏன் காட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். பிறகு ஒரு நேரம் வேலை செய்யும் என்று தெரிவதற்காக என்று நான் பொறுமையாக விளக்குவேன். அந்தக் கவுண்டர் முன்னால் நின்றபோது எனக்கு அந்த விளக்கத்தின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

எல்லாத் தாளும் சேர்ந்து, கடைசியாக ஒரு தாள் பாக்கி. எனக்கு இன்னும் இரண்டு வருடம் இங்கே வேலை நிச்சயம் என்று முதலாளி கடிதம் தர வேண்டும். ராஜரத்தினம் மறுக்கவில்லை. ஆனால் நடக்காததை நடக்கும் என்று அரசாங்கத்துக்கு எழுதித் தரமாட்டேன் என்றார். ஸ்ரீ கெம்பாங்கானில் மிஸ்டர் டான் என்ற சீனர் ஒருவர், தொழிற்சாலைகளுக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்காக எடிட்டர் கருவிகள் செய்துகொண்டிருந்தார். எங்கள் பட்டன்களையும் பட்டியல்களையும் அவர் ஏற்றுக்கொண்டால் இரண்டு வருடத்துக்கு வேலை உண்டு. அவர் ஏற்றுக்கொண்ட அன்றே கடிதத்தில் கையெழுத்து. டிஸ்க் அவர் கைக்குப் போக வேண்டிய நாள், ஆயுத பூசைக்கு மறுநாள்.

4

பூசை வைக்க வேண்டும் என்று கேட்டவள் நான். ராஜரத்தினம் தோளைக் குலுக்கினார். லெட்சுமிக்குச் சந்தோஷம். நான் ஊரில் பெரிய பக்தை ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகச் சொன்னால் துணி துவைக்க இருக்கிறது என்பேன். இங்கே வந்த பிறகுதான் இந்த வைராக்கியமெல்லாம். ஊரை விட்டு வந்தவளுக்கு ஊரில் இல்லாத ஆசாரமெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மத்தியானமே வேலையை முடித்துவிட்டோம். நான்கு டிஸ்க். கையகலச் சதுரம், மேலே ஒரு சின்ன உலோகக் கதவு, அதைத் தள்ளினால் உள்ளே சுழல்கிற கறுப்பு வட்டு தெரியும். கணினிகளுக்குப் பொட்டு வைத்தோம். அச்சு இயந்திரத்துக்கு மாலை போட்டோம். டிஸ்க் நான்கையும் தட்டில் அடுக்கி சாமி படத்தின் முன்னால் வைத்தேன். அவற்றின் பெட்டிக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதும் என்றாள் லெட்சுமி. ஊரில் லாரி எஞ்சினுக்கே வைக்கிறோம், ஒன்றும் ஆகாது என்றேன்.

எல்லாவற்றுக்கும் வைத்து முடித்த பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. முதல் டிஸ்க்கைக் கையில் எடுத்தேன். இதுதான் போகப் போகிறது, இதை வைத்துத்தான் கடிதம், கடிதத்தை வைத்துத்தான் என் பிள்ளை. மேலே ஒட்டிய தாளில் பொட்டு வைத்தால் அது தாளுக்குத்தானே போகும் என்று தோன்றியது. உலோகக் கதவை விரலால் விலக்கினேன். உள்ளே தெரிந்த வட்டில் ஒரு துளி குங்குமத்தையும் ஒரு சிட்டிகை விபூதியையும் வைத்துவிட்டுக் கதவை விட்டேன். 'தாயே, இதை நல்லபடியாகத் திறக்க வை' என்று வேண்டிக்கொண்டேன்.

கணினி படித்தவள் செய்கிற வேலையா என்று கேட்பீர்கள். ஒரு தூசி போனாலே டிஸ்க் போய்விடும் என்று திருச்சியில் அறுபது பேருக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடம் அப்போது எங்கே போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று வருடமாகப் பிள்ளையைத் தொடாத கை அது. என்ன செய்கிறது என்று அதற்கே தெரியவில்லை.

லெட்சுமி பார்த்துவிட்டாள். முகம் மாறியது. 'அக்கா, ஒரு தடவை கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துருவோம்கா. இல்லன்னா வேற ஒரு காப்பி எடுத்துருவோம்' என்றாள். பூசையில் வைத்த கருவியை மறுநாள் காலை எடுக்கும்வரை தொடக்கூடாது, அதுதான் முறை என்று நான் அடித்துச் சொன்னேன். அவளுக்குத் தெரியாத முறையை எனக்குத் தெரியும் என்ற திமிர் வேறு. கணினிகளைத் துணி போட்டு மூடினோம். பொரியும் கடலையும் தின்றோம். அவள் ரயிலுக்குப் போனாள்.

மறுநாள் காலை எனக்குக் குடிநுழைவு அலுவலகத்தில் நம்பர் எடுக்க வேண்டியிருந்தது, விடியும் முன்பே போய் வரிசையில் நின்றேன். ராஜரத்தினம் டிஸ்க்கைக் கொண்டுபோகச் சொல்லி லெட்சுமியை அவசரப்படுத்தியிருக்கிறார். போட்டுப் பார்க்கவும் நேரமில்லாமல் அவள் பஸ் பிடித்து ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

5

இரண்டு நாள் கழித்து மிஸ்டர் டான் நேரில் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் எங்கள் டிஸ்க், அதோடு அவர் கணினியில் இருந்து கழற்றிய டிஸ்க் டிரைவ். கத்தவில்லை. பையை மேசைமேல் வைத்து, இந்தச் சிவப்புப் பொடி என்ன என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். அவரே விளக்கினார். எங்கள் டிஸ்க் திறக்கவில்லை. சரி என்று அதை எடுத்துவிட்டுத் தன்னுடைய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக அதே டிரைவில் போட்டுப் பார்த்திருக்கிறார். டிரைவின் முனையில் ஒட்டிய பொடி, போட்டதை எல்லாம் கீறிவிட்டது. அவருடைய மூன்று மாத வேலை அவற்றில் இருந்தது.

டானை உட்காரவைத்துவிட்டு ராஜரத்தினம் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். 'இதை ஆர் வச்சது?' என்றார். தமிழில் கேட்டார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நேரம் இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது, வெளியே ஒரு லாரி பின்னால் வந்து, நின்று, மறுபடியும் பின்னால் வந்தது. அவ்வளவு நேரம் இருந்தது. எனக்கு ஜனவரி ஞாபகம் வந்தது. கவுண்டரில் இருந்த அம்மா ஞாபகம் வந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

'நான்தான் பாஸ்' என்றாள் லெட்சுமி.

அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் இருந்து ஏதோ ஒரு சொல்லை அவர் எதிர்பார்த்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. பொடி வைத்தவரை வைத்துக்கொண்டு டானிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்க முடியாது என்றார். 'நீர் இனி வரவேண்டாம்' என்று அவளிடம் சொல்லிவிட்டு டான் இருந்த அறைக்குத் திரும்பிப் போனார்.

படியில் இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் இப்படிச் செய்தாய், நான் இப்போதே போய்ச் சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கால் மேலே ஏறவில்லை, அதுதான் உண்மை.

'விடுங்கக்கா' என்றாள். 'எனக்குப் பாஸ் கீஸ் ஒண்ணும் வேணாம். நான் இங்கயே பொறந்தவ. எனக்கு வேலை போனா வேலை மட்டும்தான் போவும். உங்களுக்கு வேலை போனா புள்ள போயிடும்.'

அவள் கலர் பென்சில் டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். சுவரில் ஒட்டிய தாள்களை ராஜரத்தினம் மறுவாரம் கழற்றச் சொன்னார், நான்தான் கழற்றினேன்.

புது டிஸ்க் நான்கு செய்து, தட்டிப் பார்த்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டான் ஏற்றுக்கொண்டார். கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. லெட்சுமி கம்ப்யூட்டர் வேலைக்கு இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். முதல் வேலையை ஏன் விட்டாய் என்று கேட்கிற இடத்தில் எல்லாம் அவளுக்குப் பதில் இல்லை. கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஒரு பெட்டிக்கு நூறு என்று எண்ணி அடுக்குகிற வேலை.

6

டிசம்பரில் தர்சினிக்குப் பாஸ் வந்தது. கவுண்டரில் இருந்த அம்மா சிரித்தார், முதல்முறையாக. நான் அங்கேயே இருந்த பொதுத் தொலைபேசியில் கிள்ளானுக்கு அடித்து லெட்சுமியிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுப் போன், அவளை ஓடிப்போய்க் கூப்பிட்டு வந்தார்கள். அழுதாள். நான் செய்த தப்புக்கு அவள் ஆனந்தப்பட்டு அழுதாள்.

பிறகு திருச்சிக்குப் பேசினேன். கணவர் சரி என்றார், டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். போனைத் தர்சினியிடம் கொடுக்கச் சொன்னேன். உனக்கு இங்கே பள்ளிக்கூடம் பார்த்துவிட்டேன், பக்கத்திலேயே இருக்கிறது, அம்மாகூடத் தூங்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் எல்லாவற்றுக்கும் ம் சொன்னாள். நல்ல பிள்ளை, பெரியவர்கள் பேச்சை முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

'அங்க வந்தா, எத்தனை நாள்ல நான் வீட்டுக்குத் திரும்பி வரலாம்?'

பின்னால் வசந்தா ஏதோ சொல்லி அதட்டுவது கேட்டது. அதட்டாதே என்று கத்த வேண்டும் போல இருந்தது. குழந்தை அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. ஒரு கணக்குக் கேட்பது மாதிரிதான் கேட்டாள். அத்தையிடம் தலை பின்னிக்கொண்டு, அத்தை பிசைந்து கொடுத்ததைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு வீடு அதுதான். நான் மாதம் இரண்டு முறை வருகிற குரல். ஏழு வயதில் அவளை அங்கிருந்து பிடுங்கினால், மூன்று வயதில் நான் செய்ததை இரண்டாம் முறையாகச் செய்தவள் ஆவேன். இத்தனையும் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே புரிந்துவிட்டது. கவுண்டர் கவுண்டராக நின்ற ஒரு வருடத்தில் இது ஒரு முறைகூடத் தோன்றவில்லை. ஒவ்வொரு தாளாகக் கேட்டார்கள், ஒவ்வொரு தாளாகக் கொடுத்தேன். பிள்ளையிடம் கேள் என்று யாரும் ஒரு படிவம் தரவில்லை.

'நீ வரவேண்டாம்மா. அம்மா வர்றேன்' என்றேன்.

'சரிம்மா' என்றாள். அந்தச் சரியில் இருந்த நிம்மதி எனக்குக் காதில் விழாமல் போயிருக்கலாம்.

நான் போகவில்லை. அந்த ஜனவரியில் டான் வேலை தலைக்கு மேல் இருந்தது. அடுத்த வருடம் கணவர், இப்போது அவசரமில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார். அதற்கு அடுத்த வருடம் அதையும் எழுதவில்லை, நான் என் பாஸைப் புதுப்பித்துக்கொண்டேன். இடையில் ஒரு முறை இருபது நாள் போய் வந்தேன். தர்சினி என்னோடு மரியாதையாகப் பேசினாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். இருபது நாளும் வசந்தா பக்கத்தில்தான் தூங்கினாள். இப்போது அவளுக்குப் பத்து வயது. கடிதத்தில் மதிப்பெண்ணும் மழையும் எழுதுகிறாள்.

காலையில் வந்து எடிட்டரைத் திறந்தால் லெட்சுமி வரைந்த கத்தரிக்கோல் மேலே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அதே பதினாறுக்குப் பதினாறு கட்டம். எத்தனையோ பதிப்பு வந்துவிட்டது, அதை மட்டும் யாரும் மாற்றவில்லை. எங்கெங்கோ முகம் தெரியாத புரோகிராமர்கள் தினமும் அதை அழுத்துகிறார்கள். நான் அதை அழுத்துவதில்லை. வெட்டி ஒட்ட வேண்டியிருந்தால் விசைப்பலகையில் செய்துகொள்கிறேன்.

பாஸ் கிடைத்த பிறகு லெட்சுமி இரண்டு முறை போன் செய்தாள். மகள் வந்துவிட்டாளா என்றாள், வந்துவிட்டாள் என்றேன். பள்ளிக்கூடம் போகிறாளா என்றாள், போகிறாள் என்றேன். வேறென்ன சொல்வது? அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டால் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டேன். கிள்ளான் பக்கமே மூன்று வருடமாகப் போவதில்லை. இங்கிருந்து ஒரு மணி நேர ரயில்.

7

தேநீர் ஆறி ஆடை கட்டியதும் மாடிக்கு ஏறி வந்தேன். அந்தப் பெண்கள் தாங்களாகவே பொட்டு வைத்து முடித்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. மற்றவர்கள் வெளியே போயிருந்ததால் நானே எடுத்தேன்.

'கலா அக்காவா?' என்றாள் லெட்சுமி. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பசியாறியாச்சா என்றாள். ஆயுத பூசை அன்றைக்கு என் ஞாபகம் வந்ததாம். கல்யாணம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை லோரி ஓட்டுகிறார், தொழிற்சாலையில் அவளை மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். நான் கோபித்துக்கொண்டேனோ என்று பயந்ததாகவும் சொன்னாள். நான்! அவளிடம்!

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிள்ளான் கடைத்தெருவுக்கு வந்தவள் அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் இருந்துதான் பேசினாள். ஒரு பச்சைப் பட்டுப் பாவாடை கண்ணில் பட்டதாம். 'உங்க மவளுக்கு எடுக்கலாம்னு நெனச்சேன்கா. கடைக்காரரு அளவு கேக்குறாரு. இப்ப எவ்ளோ உசரம் இருப்பா?'

எனக்குத் தெரியவில்லை. கையை இடுப்பளவில் வைத்துப் பார்த்தேன், பிறகு நெஞ்சளவுக்கு உயர்த்தினேன். காற்றில் என் கைதான் ஏறி இறங்கியது. எந்த உயரத்தில் நிறுத்துவது என்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒரு அளவைச் சொல்லியிருந்தால் அவள் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிக் கொண்டுவந்திருப்பாள்.

'அவ வரல, லெட்சுமி' என்றேன். 'அப்பவே வரல. அவ திருச்சியிலதான் இருக்கா.'

கடைத்தெரு இரைச்சல் மட்டும் கேட்டது, யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். அப்படியானால் எனக்கு எதற்கு வேலை போயிற்று என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கட்டும் என்றுதான் நின்றேன். மூன்று வருடமாக அந்தக் கேள்விக்குத்தான் ஒளிந்து திரிந்தேன், அது வந்துவிட்டால் அழுது தீர்த்துவிடலாம்.

அவள் அதைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள். குரலில் குற்றம் சொல்கிற தொனிகூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

'அப்ப நீங்க ஏன்கா இன்னும் இங்க இருக்கீங்க?'

யோசித்தேன். போனை இந்தக் காதில் இருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டும் யோசித்தேன்.

'எனக்குப் பாஸ் இன்னும் பதினோரு மாசம் இருக்கு, லெட்சுமி' என்றேன்.